மஞ்சள் தாளும் ஊதாத் தாளும்

படம் கழுவும் ஹைப்போ மருந்தின் புளித்த வாடை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எழுந்து வெளியே போய்விடுவேன். விழுப்புரத்தில் ரயிலடிச் சாலையில் அப்பா வைத்திருந்த ஸ்டுடியோவின் பின்கட்டில், ஜன்னலை அட்டையால் அடைத்த ஓர் அறை உண்டு. எங்கள் பேச்சில் அது "இருட்டு ரூம்". எனக்கு எட்டு வயது. அம்மா விஷக்காய்ச்சலில் விழுந்து, தன் பிறந்த ஊரான திண்டிவனத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வீட்டில் ஆளில்லாததால் பள்ளிக்கூடம் விட்டதும் ஸ்டுடியோவுக்குத்தான் போவேன்.

ஒரு சனிக்கிழமை மதியம், திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் திரும்பிய அப்பா, முகங்கூடக் கழுவாமல், "உள்ள வா, கதவ சாத்து, வெளிச்சம் உடாத" என்று மட்டும் சொல்லிவிட்டு நெகட்டிவ் பெட்டியைக் கிளறினார். சித்தப்பா கல்யாணத்தில் எடுத்த குரூப் படம் கையில் வந்தது. பந்தல் நிழலில் ஓரமாக நின்ற அம்மாவின் தலையை மட்டும் என்லார்ஜரில் காகிதம் கொள்ளும் அளவுக்குப் பெரிதாக்கினார். நான் மூலையிலிருந்த ஸ்டூலில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

எங்கள் பக்கத்தில் அப்படித் தலையை மட்டும் தனியாகப் பெரிதாக்குவது செத்தவர்களுக்குத்தான். முகையூரிலிருந்தும் திருவாமாத்தூரிலிருந்தும் மொட்டைத் தலையோடு வருபவர்கள், குரூப் படத்தில் விரல் வைத்து, "இவர மட்டும் பெருசா போட்டுக் குடுங்க" என்று கேட்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஸ்டுடியோக்காரர் பெண்டாட்டியாக இருந்தும் அம்மா தனியாகப் படத்துக்கு உட்கார்ந்ததே இல்லை. "தனியா எடுத்தா அப்புறம் மாலதான் போடணும்" என்பாள். அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால் அப்பா சொல்லிவிடுவாரோ என்று பயந்து, கேட்காமலே இருந்தேன்.

படம் போடும் அந்தக் காகிதத்துக்கு ஒரு குணம். லென்சுக்கடியில் மஞ்சள் கண்ணாடித் தாளை வைத்து ஒளி காட்டினால் படம் சாம்பல் பூத்து மென்மையாக வரும். ஊதாத் தாளை வைத்தால் கறுப்பும் வெள்ளையும் வெட்டிக்கொண்டு நிற்கும். முதலில் மஞ்சள். மருந்துத் தட்டில் அம்மா புகை மாதிரி எழும்பி, முகம் திரளாமலே நின்றுவிட்டாள். அப்பா அதைக் கசக்கி எறிந்தார். அடுத்தது ஊதா. கன்னம் சுண்ணாம்பாக, கண்கள் குழிகளாக, சிவப்பு விளக்கில் அந்த முகம் தண்ணீருக்கடியிலிருந்து என்னைப் பார்த்தபோது, உட்கார்ந்திருந்த ஸ்டூலிலேயே பாவாடையை நனைத்துவிட்டேன். அப்பா கவனிக்கவில்லை. மூன்றாவது காகிதத்துக்கு மஞ்சளைக் கொஞ்ச நேரமும், அதன்மேலேயே ஊதாவைக் கொஞ்ச நேரமுமாகக் காட்டினார். இப்போது வந்தவள் என் அம்மாவேதான். நெற்றிப் பொட்டும், சிரிப்பை அடக்கும் உதடும் அப்படியே இருந்தன. எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

"இன்னாம்மா, அம்மா மாதிரி இருக்குதா?" என்று கேட்டார். தலையாட்டினேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார்.

மறுநாள் காலை திண்டிவனம் பஸ்ஸில், போய் இறங்கினால் பறைச்சத்தம் கேட்குமென்று காதைப் பொத்திக்கொண்டே போனேன். ஆஸ்பத்திரியில் அம்மா சுவரில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் இறங்கியிருந்தது. முந்தின நாள் டாக்டர் கைவிரித்துவிட்டதை அப்பா வெகுகாலம் கழித்துத்தான் சொன்னார்.

"இன்னாடி, பேயப் பாத்த மாதிரி நிக்கிற? வா இங்க" என்றாள் அம்மா. அவள் கையின் சூடு தெரிந்த பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது.

ஊர் திரும்பியவள் கண்ணில் அந்தப் படம் பட்டுவிட்டது. நெடுநேரம் பார்த்தாள். "அவசரப்பட்டுட்டீங்க. ஆனா நல்லா வந்திருக்குது. வேணும்போது மாட்டிக்கலாம்" என்று அப்பாவிடம் சொல்லி, டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கடியில் வைத்துவிட்டாள்.

ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. மஞ்சள் தாளும் ஊதாத் தாளும் எந்தக் குப்பையில் போயினவோ தெரியாது. அம்மா பேரன் பேத்திகளைப் பார்த்து, பழுத்த வயதில் போய்ச் சேர்ந்தாள். அவள் சொன்னபடியே பெட்டியைத் திறந்து அந்தப் படத்தைத்தான் மாட்டினோம். வீட்டுக்குப் புதிதாக வருபவர்கள், "அய்யோ, இவ்ளோ சின்ன வயசுலயா போய்ட்டாங்க?" என்று கேட்கிறார்கள். இல்லையென்று சொல்லத்தான் வாயெடுக்கிறேன். படத்தை நிமிர்ந்து பார்த்ததும் அந்தச் சனிக்கிழமைப் பயம் திரும்ப வந்துவிடுகிறது, அன்று அப்பாவுக்கு ஆட்டியது போலவே தலையாட்டிவிடுகிறேன்.