பழைய டெண்டரும் வேங்கை மரமும்

எனக்குச் சட்டென்று கோபம் வரும். ஆபீஸில் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆளே கிடையாது. ஆனால் நான் செய்த ஒரு காரியத்துக்கு என்னைத் திட்ட இன்றுவரை யாரும் வரவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். ராஜபாளையத்தில், அரசாங்கக் கட்டட வேலைகளைப் பார்க்கும் ஆபீஸில் நான் ஓவர்சியர். புது டெண்டர் எழுதுவதென்றால் போன வருஷத்து டெண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஊர்ப்பெயரையும் அளவையும் மாற்றி, மற்றதை அப்படியே காப்பி அடிப்போம். புதிதாக ஒரு வரி எழுதினால் மேலே இருப்பவர் ஆயிரம் கேள்வி கேட்பார். பழசையே எழுதினால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார்.

செட்டியார்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கும் அப்படித்தான் எழுதினேன். 'கதவு, ஜன்னல் நிலைகள் வேங்கை மரத்தில்' என்ற பழைய வரி அப்படியே வந்துவிட்டது. மலையில் மரம் வெட்டுவது கூடிப்போனதால் அரசாங்கக் கட்டடத்துக்கு இனி மரம் வாங்கக் கூடாது, சிமெண்ட் நிலைதான் வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்து இரண்டு மாதமாகியிருந்தது. அதைப் படித்து இனிஷியல் போட்டவனும் நான்தான். புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

வேலையை எடுத்தவர் இருபது வருஷம் கொத்தனாராக இருந்தவர். அதுதான் அவருக்கு முதல் காண்ட்ராக்ட். டெண்டரை எழுத்துக் கூட்டிப் படித்து, அதில் இருப்பதை இம்மி பிசகாமல் செய்கிற மனிதர்.

ஒருநாள் காலை பதினோரு மணிக்குச் செண்பகத்தோப்பு செக்போஸ்டிலிருந்து ஆள் வந்தான். வேங்கை மரம் ஏற்றிவந்த டெம்போவைப் பிடித்துவிட்டார்களாம். மரத்தில் வனத்துறை முத்திரை இல்லை. கூட வந்த காண்ட்ராக்டரை உட்கார வைத்திருக்கிறார்கள், நான் உடனே வரவேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி அங்கே போய்ச் சேர்வதற்குள் டெண்டரின் அந்த வரி எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. காண்ட்ராக்டர் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும், "அந்தா, சார் வந்துட்டாக!" என்று எழுந்தார். முகத்தில் அப்படியொரு தெம்பு.

வனத்துறை ரேஞ்சர் டெண்டர் நகலை என்னிடம் நீட்டினார். "பட்டா நெலத்து மரம்னு புரோக்கர் சொன்னான், நம்பி வாங்கிட்டேங்காரு. உங்க ஆபீஸ்தான் மரம் கேட்டிருக்குன்னா, மரத்தப் பறிச்சுக்கிட்டு இவர விட்டுருதேன். மரம் கூடாதுன்னு சொல்லியும் வாங்கியிருந்தா, இன்னைக்கே கோர்ட்டு, பொறவு ஜெயிலு. புது உத்தரவ இவருகிட்டச் சொன்னீங்களா, இல்லையா?"

'இல்லை' என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவர் வீட்டுக்குப் போவார். எனக்கு சஸ்பெண்ட் ஆர்டர் வரும். என் இரண்டு பெண் குழந்தைகளும் கண்முன் வந்து நின்றார்கள். தொண்டை அடைத்தது.

"டெண்டர் பழைய நகல். நான் வாயால சொல்லிட்டேன்" என்றேன்.

காண்ட்ராக்டர் என் முகத்தையே பார்த்தார். சட்டையைப் பிடித்து உலுக்குவார் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன்.

"என்னய்யா, சொன்னாரா?" என்றார் ரேஞ்சர்.

காண்ட்ராக்டர் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"ஆமாய்யா. சார் சொன்னாக. நாந்தான் மறந்து தொலைச்சிட்டேன்."

ஏன் அப்படிச் சொன்னார்? என்னைப் பகைத்துக்கொண்டால் இனி வேலை கிடைக்காது என்றா, என்மேல் இரக்கப்பட்டா? பிற்பாடும் நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

வனத்துறை ஜீப்பில் ஏறும்போது காண்ட்ராக்டர் என்னைக் கூப்பிட்டார். "சார், மத்தியானம் அஸ்திவாரத்து மேல பெல்ட் கான்கிரீட் போடணும். ஆளுக காத்துக் கெடப்பாக. கொஞ்சம் பக்கத்துல நின்னு பாத்துக்கிடுங்க. கலவையில தண்ணிய அதிகமா ஊத்திருவானுவ."

போனேன். கடைசிச் சட்டிக் கலவை விழும்வரை வெயிலில் நின்றேன். சித்தாள் வேலை பார்த்த அம்மா ஒருத்தி கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "அண்ணாச்சி எங்க சார்? இன்னைக்கு முழுசும் ஆளையே காணலையே?"

"வாராரு" என்றேன். காலையில் அந்த முதல் பொய்யைச் சொல்லத் தொண்டை அடைத்தது. இதற்கு ஒன்றுமே ஆகவில்லை.