மூன்று ஊதுபத்திகள்

நான் படிக்கும் வெளிமாநில நகரத்தின் கசார்வாடி நெடுஞ்சாலையைவிடப் பக்கத்துக் கிராமத்துக் காற்றில் நுண்தூசி குறைவு என்று கல்லூரியில் சவால் விட்டிருந்தேன். காலையில் கசார்வாடியில் அளந்துவிட்டு, கருவியோடு கிராமத்துக்குக் கிளம்பினேன். அழைத்துப்போனவர் மதுரைக்கார ஆட்டோ ஓட்டுநர். பெரிய மீசை, அதைவிடப் பெரிய சிரிப்பு. வழியில் அவரிடம் சவாலைப் பற்றிச் சொன்னேன்.

வயலோரம் இறங்கிக் கருவியை இயக்கினேன். எண் கசார்வாடியையும் தாண்டி ஏறியது! அழுகையே வந்துவிட்டது. திரும்பினால், ஆட்டோவில் முருகன் படத்துக்கு ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. போய்ச் சேர்ந்ததும் ஏற்றுவது அவர் பழக்கமாம்.

“அண்ணே, இந்தப் புகையாலதான் எண் ஏறுது!”

“அய்யய்யோ! நீ ஜெயிக்கணும்னு இன்னைக்கு மூணா ஏத்திட்டேனே, தங்கச்சி!”

அவசரமாக மண்ணில் தேய்த்து அணைத்தார். சற்று நேரத்தில் எண் விறுவிறுவென்று இறங்கி, கசார்வாடியில் பாதிக்கும் கீழே நின்றது. நான் துள்ளிக் குதித்தேன்.

“பாத்தியாம்மா, முருகன் கைவிடலை!” என்றார்.

அறிவியல் படிக்கும் எனக்கு இன்றுவரை அதை மறுக்க மனம் வரவில்லை.