வெள்ளிக்காசில் ஒரு படகு

என் வீட்டுக்காரருக்குப் பழைய காசு என்றால் உயிர். ஆபீஸ் குமாஸ்தா வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். கரூர்ப் பக்கம் ஆற்று மணலில் கிடைத்தது என்று யாரோ கொடுத்த ரோமாபுரி வெள்ளிக்காசு ஒன்று அவரிடம் இருந்தது. பழைய நாலணா அளவுதான் இருக்கும். ஆனால் நல்ல தடிப்பு.

ஒரு பக்கம் ராஜா தலை. கூரான மூக்கு, நெற்றியைச் சுற்றி இலை மாலை, பிடரியில் தொங்கும் நாடா. அதில் எங்களுக்குள் பேச்சில்லை. மறுபக்கம்தான் சண்டை. அது ரொம்பத் தேய்ந்திருந்தது.

“நாற்காலியில ஒரு பொம்பளை. கையில மரக்கிளை” என்பார்.

“படகுங்க. இதோ ரெண்டு பாய்மரம், இது துடுப்பு.”

“கொஞ்சம் தலைகீழாத் திருப்பிப் பாரேன்டி.”

“எதுக்குத் திருப்பணும்? ராஜா தலை நேரா இருக்கு. அப்படியே புரட்டினா பின்பக்கமும் நேராத்தானே இருக்கும்? நம்ம ரூபா அப்படித்தானே இருக்கு?”

“ஆமாமா, உங்க மாமாதானே ரோமாபுரியில காசு அடிச்சாரு!”

எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் கண் கூர்மை. ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருவில் எந்த வீட்டு ஊசிக்கும் நான்தான் நூல் கோத்துக் கொடுப்பேன். அந்தக் கண்ணை நம்பாமல் அவர் பேச்சை நம்புவேனா? வருஷக்கணக்கில் அந்தச் சண்டை ஓடியது. காய்கறி நறுக்கும்போது ஓடும், சாப்பிடும்போது ஓடும்.

அவர் படுக்கையில் விழுந்த பிறகு, கொஞ்சம் தெம்பாகப் பேசட்டுமே என்று காசை எடுத்துப்போய் நீட்டினேன். “என்னங்க, படகுதானே?” என்றேன். கண்ணாடியைக்கூடக் கேட்கவில்லை. “சரி, படகுதான்” என்றார். அந்த ஜெயிப்பு எனக்கு வேண்டவே வேண்டாம். எழுந்து உட்கார்ந்து எங்கள் மாமாவை வம்புக்கு இழுத்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அவர் போன பிறகு அது என்னதான் என்று தெரிந்துகொள்ளாமல் மனசு ஆறவில்லை. வேளச்சேரி ரோட்டை அகலப்படுத்திக்கொண்டிருந்த சமயம் அது. தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் காசுக் கண்காட்சி போட்டிருந்தார்கள். கோவிலம்பாக்கத்திலிருந்து மகளை வரச்சொல்லிப் போனேன். பழைய காசு வியாபாரம் பண்ணும் பாய் ஒருவர், லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பார்த்தார்.

“நல்ல வெள்ளிம்மா. ஏசுநாதர் காலத்து ராஜா. நம்ம சைடுல நெறைய கெடைச்சிகீது. எழுத்து போனாலும் பரவால்ல, இந்த மூக்கு, பின்னாடி உக்காந்துகினு இருக்கிற அம்மா, ரெண்டும் போதும்.”

“எந்த அம்மா? அது படகு, பாய்.”

அவர் சிரித்துவிட்டு, உள்ளங்கையிலேயே காசைத் தலைகீழாகத் திருப்பினார். “இது மிஷின்ல போட்டதில்லம்மா. கீழ ஒரு அச்சு, மேல ஒரு அச்சு, நடுவுல வெள்ளி. சுத்தியால ஒரே போடு. மேல் அச்சு கையில எப்டித் திரும்பிகீதோ அப்டித்தான் பின்பக்கம் விழும்.”

பார்த்தேன். நான் பாய்மரம் என்றது நாற்காலிக் கால். துடுப்பு என்றது அவள் ஊன்றியிருந்த கோல். மறு கையில் கிளை. சாவகாசமாக உட்கார்ந்திருந்தாள்.

“பாத்தியாம்மா, அப்பா சொன்னதுதான்!” என்று மகள் இடித்தாள். “இருந்திருந்தா உன்னைச் சும்மா விட்டிருப்பாரா?”

“பால்காரன் வரைக்கும் சொல்லியிருப்பாருடி. ஒரு மாசம் தெருவுல தலை காட்டியிருக்க முடியாது” என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

அவள் தாம்பரத்திலேயே பஸ் ஏறிவிட்டாள். நான் தனியாக வீடு வந்து பூட்டைத் திறந்தேன். இத்தனை வயசில் யாரிடமும் தோற்றேன் என்று சொன்னவள் இல்லை. செருப்பைக் கழற்றாமல் நின்று, “பொம்பளைதாங்க” என்றேன். கொஞ்சம் பொறுத்து, இன்னும் சத்தமாகச் சொன்னேன்.