பேச்சு முடியாமல் கை நனைக்காதவள்

தாராவியில் செண்பகவல்லி என்ற பெயரில் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது வெயிலுமுத்துவின் மூத்த மகளை. வெயிலுமுத்து பை தைக்கிற பட்டறையில் கட்டிங் மாஸ்டர். அவனைப் பெற்றவள் என் பெரியம்மா மகள். ஆக, செம்பா என்று நாங்கள் கூப்பிடுகிற இவள் எனக்குப் பேத்தி முறை.

சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வாய் அதிகம். குழாயடியில் யார் குடம் முந்தி என்று சண்டை வந்தால் பெண்கள் இவளைக் கூப்பிடுவார்கள். இவள் இரண்டு பக்கத்துக்கும் பேசுவாள், அதுவும் ஒரே மூச்சில். இந்த வாயை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாளோ என்று அம்மா கலைச்செல்வி தலையில் அடித்துக்கொள்வாள். கடைசியில் செம்பூர் காலேஜில் அதற்கும் ஒரு வேலை கிடைத்தது.

உலக நாடுகள் கூடிப் பேசுகிற சபை இருக்கிறதல்லவா, அதைப் போலவே பிள்ளைகள் கோட்டு மாட்டிக்கொண்டு ஒரு சபை நடத்துகிறார்கள். ஆளுக்கு ஒரு நாடு சீட்டில் விழும். விழுந்த நாட்டுக்காகத்தான் பேச வேண்டும், நம் மனசுக்காகப் பேசக் கூடாது. இந்த வருஷம் பேச்சு, பிழைக்கப் போன ஊரில் வேலையாட்களுக்கு உள்ள உரிமையைப் பற்றி. செம்பாவுக்கு விழுந்தது வளைகுடாவில் ஒரு நாடு. பெயரைச் சொல்ல மாட்டேன். நம் ஆட்கள் இன்னும் அங்கே வேலை பார்க்கிறார்கள்.

அந்த நாட்டில்தான் அவள் தாய்மாமன் இசக்கிதுரை வெல்டராக இருந்தான். போய் இறங்கிய அன்றைக்கே கம்பெனிக்காரன் பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டிவிட்டான். இங்கே இசக்கிதுரைக்குப் பெண் பார்த்து நிச்சயத்துக்கு நாள் குறித்தாயிற்று; லீவு கேட்டால் பாஸ்போர்ட் வரவில்லை. நாளை மாற்றப் பெண் வீட்டார் சம்மதிக்கவில்லை. நாற்காலியில் அவன் போட்டோவை வைத்து, அதற்குப் பொட்டு இட்டு, அதன் முன்னால்தான் தாம்பூலம் மாற்றினோம். அவன் பெண்டாட்டி பிரேமலதா இன்றைக்கும் சொல்லுவாள், "எனக்கு நிச்சயம் பண்ணினது போட்டோவைத்தான். அது இவரை மாதிரி எதுத்துப் பேசாது." சிரித்துக்கொண்டுதான் சொல்லுவாள். இசக்கிதுரை சிரிக்க மாட்டான்.

ஒருவழியாகத் திரும்பி வந்து, இப்போது அவனுக்கு டிராம்பே பக்கம் ஒர்க்‌ஷாப்பில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டில்தான் சாப்பாடு. அப்படி ஒரு ஞாயிறு மீன் குழம்பை ஊற்றும்போது செம்பா விஷயத்தைச் சொன்னாள்.

"ஏட்டி, அப்போ நீ அந்தக் கம்பெனிக்காரன் பக்கமா பேசப் போற?"

"மாமா, அது சும்மா போட்டிதான். சீட்டுல விழுந்துச்சு."

"விழுந்தா தூக்கிப் போட வேண்டியதுதான? பாஸ்போர்ட்டைப் பூட்டி வைக்கது நியாயம்னு என் மருமவ மைக்ல சொல்லுவா, நான் இங்க மீன் தின்னுட்டு இருக்கணுமா?"

பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவினான். "இனி இந்த வீட்டுல கை நனைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினான்.

வெளியூர்க்காரர்களுக்கு இது சாதாரணமாகத் தெரியும். எங்களில் அப்படியல்ல. சம்பந்தம் பேசப் போனாலும் பேச்சு முடிகிறவரை அந்த வீட்டில் தண்ணீர்தான் குடிப்போம். வருத்தம் என்றால் வருத்தம் தீர்கிறவரை சாப்பிட மாட்டோம். சாப்பிட்டுவிட்டால் ஒத்துக்கொண்டதாகக் கணக்கு. அடுத்த ஞாயிறு இசக்கிதுரை வரவில்லை. கலைச்செல்விக்கு இருப்பது ஒரே தம்பி. அவன் தட்டைக் கழுவிக் கழுவி வைத்தாள்.

"வேற நாடு கேளுட்டி."

"தர மாட்டாங்கம்மா. நான் விட்டா எங்க கிளாஸ் ஸ்மிதா எடுத்துப்பா. நான் போவேன். மாமாவையும் சாப்பிட வைப்பேன்."

"எப்படி?"

"அது தெரியல."

சனிக்கிழமை சபை கூடியது. செம்பா எழுந்து, வேலையாட்களின் பாஸ்போர்ட் தொலைந்து போகாமல் இருக்கத்தான் எங்கள் முதலாளிகள் வாங்கிப் பத்திரமாக வைக்கிறார்கள் என்று இங்கிலீஷில் அழகாகப் பேசினாள். கைதட்டல் வந்தது.

மத்தியானம் மாட்டுங்காக்காரி ஹரிதா டப்பாவைத் திறந்தாள். அவளுக்கு விழுந்தது வேலைக்கு ஆள் அனுப்புகிற நாடு. சபையில் செம்பாவுக்கு நேர் எதிர்க்கட்சி. வெளியில் நல்ல சிநேகிதி.

"எங்காத்து புளியோதரை டீ. எடுத்துக்கோ."

"வேண்டாம்டீ, இப்போ வேண்டாம்."

"என்ன இப்போ வேண்டாம்? தினம் என் டப்பாவைக் காலி பண்றவ நீ!"

"பேச்சு முடியட்டும்."

பேச்சு முடியாமல் எதிர்ப் பக்கத்தின் சோற்றைத் தின்றால் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடுமே என்று இந்தப் பைத்தியம் நினைத்திருக்கிறது. நடப்பது விளையாட்டுச் சபை, அங்கே யாருக்கு இந்த வழக்கம் தெரியும்? ஹரிதாவுக்கு முகம் சுண்டிவிட்டது. அந்தப் பக்கத்தில் வேறு இரண்டு பேர் சமோசா நீட்டினார்கள், அதையும் தொடவில்லை. வடாபாவ் வாங்கப் போனால் அதற்கும் எதிர்க்கட்சிப் பையன் ஒருவன் முந்திக்கொண்டு காசு கொடுக்க வந்தான். ஓடி வந்துவிட்டாள்.

சபைக்கென்று பத்திரிகை எழுதவும் பிள்ளைகள் உண்டு. மத்தியானமே எல்லார் போனிலும் செய்தி வந்துவிட்டது: 'விருந்தைப் புறக்கணித்தது வளைகுடா நாடு!' அதற்கு மேல் கேட்க வேண்டுமா? இது ஏதோ பெரிய திட்டம், சபையை விட்டே வெளிநடப்பு செய்யப் போகிறார்கள் என்று ஒரே பரபரப்பு. அதுவரை இவளைத் திரும்பிப் பார்க்காத நாடுகளெல்லாம் சுற்றி நின்றன.

ஞாயிறு காலையில் ஹரிதா நேராகவே வந்து கேட்டாள்.

"சொல்லு, என்ன பண்ணா நீ சாப்டுவ?"

பசி. முந்தின நாள் சபையில் முழுக்கத் தண்ணீரிலேயே ஓட்டியவள், காலையிலும் சாப்பிடாமல் ஓடி வந்திருந்தாள். ஆனாலும் செம்பா யோசித்துத்தான் சொன்னாள். "நீ உன் ஏஜண்டுங்களை அடக்கு. இங்க ஒரு சம்பளம் சொல்லி, அங்க ஒரு சம்பளத்துல தள்ளிவிடுறானுங்கல்ல? நான் என் முதலாளிங்களை அடக்குறேன். பாஸ்போர்ட் வேலைக்காரன் கையிலதான் இருக்கணும். அடுத்த வருஷத்துக்குள்ள."

"உன் நாடு இதுக்கு ஒத்துக்குமா?"

"இன்னிக்கு என் நாடு நான்தான்."

ஹரிதா எழுதினாள், செம்பா திருத்தினாள். சுற்றி நின்றவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். ஓட்டெடுப்பில் தீர்மானம் ஜெயித்தது. அங்கேயே படியில் உட்கார்ந்து டப்பா முழுவதையும் செம்பா ஒருத்தியே காலி செய்தாள். ஹரிதாவுக்கு ஓரத்தில் ஒட்டியிருந்த வேர்க்கடலைதான் மிச்சம்.

பரிசு இவளுக்கு இல்லை. தன் நாட்டின் கொள்கையை விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று சபைக்குத் தலைமை தாங்கிய பிள்ளை மார்க்கைக் குறைத்துவிட்டான். "சலோ, போகட்டும்" என்று இவள் வெளியே வந்தாள். தமிழில் எழுத வராது. பஸ்ஸுக்கு நிற்கும்போது தீர்மானத்தைத் தமிழில் சொல்லி, தாய்மாமனுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள்.

பதில் வரவில்லை. இருட்டுகிற நேரத்தில் ஆளே வந்தான். உள்ளே வரும்போதே சத்தம்.

"ஏட்டி, எதுக்கு அடுத்த வருஷம்? நாளைக்கே கொடுன்னு எழுத வேண்டியதுதான?"

"நாளைக்கேன்னா ஒருத்தனும் கையெழுத்துப் போட மாட்டான் மாமா."

"அவ்வளவு நாளைக்கு அவன் பூட்டை மாத்திருவாம்ட்டி! உனக்குத் தெரியாது அந்த மேனேஜரை."

"அதான் ஊருக்கு ஊரு ஆபீசர் வந்து பாக்கணும்னு போட்டிருக்கோம்."

"ஆபீசர் சொல்லிட்டா வருவான்? சொல்லாம வரணும். அதைப் போட்டியா?"

அதைப் போடவில்லை.

"பாத்தியா? என்னத்தப் பேசின நீ ரெண்டு நாளா?"

கலைச்செல்வி தட்டை வைத்தாள், சோற்றைப் போட்டாள், குழம்பை ஊற்றினாள். மேனேஜர் எந்த அலமாரியில் எப்படிப் பூட்டுவான் என்று இடது கையால் காற்றில் வரைந்து காட்டிக்கொண்டே, இசக்கிதுரை வலது கையால் சோற்றைப் பிசைந்தான். இரண்டாம் தரம் சோறு விழுந்தபோதுதான் தட்டைக் கவனித்தான். அக்காவை ஒருமுறை பார்த்தான். பிறகு செம்பா பக்கம் திரும்பி, "போன்ல அதை எடு. சொல்லாம வரணும்னு சேரு. யாரு கையெழுத்துப் போட மாட்டாங்கன்னு பாப்போம்" என்றான்.