காதுக்குள் இருக்கும் வானம்

போன கிழமை உரும்பிராயில் ஒரு கல்யாணம். தாலி கட்டுவதற்கு முன்பே நாங்கள் எல்லோரும் நிலத்துக்கு அடியில், பங்கருக்குள் பதுங்கி இருந்தோம். மாப்பிள்ளையும்தான்.

இதில் என்ன புதுமை என்று கேட்பீர்கள். உங்களில் யாருடைய வீட்டு நல்லது கெட்டதுக்குத்தான் குண்டு போடும் பொம்மர் அழையாமல் வரவில்லை? புதுமை என்னவென்றால், அன்றைக்கு அது வரவேயில்லை. வந்தது என் தம்பியின் பாட்டு.

தம்பியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பெயர் ரூபன். ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடையில் வேலை. கல்யாண வீடு, கோயில் திருவிழா என்று ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போடுவான். அது வயிற்றுக்கு. மற்றபடி அவன் பாட்டுச் செய்கிறவன். பாடுகிறவனும் இல்லை, எழுதுகிறவனும் இல்லை... செய்கிறவன்.

ஜெர்மனியில் இருக்கும் மச்சான், கொழும்புப் பாதை திறந்திருந்த காலத்தில், ஒரு சின்னக் கீபோட்டும் ஒரு கசற்றும் அனுப்பியிருந்தான். அந்தக் கசற் முழுக்க மெஷின்கள்தான் வாசிக்கின்றன. ஒரே அடி. அதன் மேல் இன்னொரு அடி. அதற்கும் மேலே நீளமாக ஒரு ஊளை.

அம்மா ஒரு பக்கம் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"பாடுறவர் எப்ப வருவார்?"

"அவர் வரமாட்டார் அம்மா. இது இப்பிடித்தான்."

"பின்னை ஆருக்காக இவ்வளவு நேரமும் மேளம் அடிச்சவங்கள்?"

ரூபனுக்கு அன்றோடு பித்துப் பிடித்தது. அங்கே பெரிய மண்டபத்தில் ஒருவன் இரண்டு இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு, ஒரு பாட்டை இன்னொரு பாட்டுக்குள் கரைத்துவிடுவானாம். சனம் நிற்காமல் ஆடுமாம். மச்சான் எழுதியிருந்தான். கறண்ட் இருக்கிற ஊர்... ஆடும்!

எங்களிடம் கறண்ட் இல்லை. பற்றரியும் வருவதில்லை. ஆகவே எங்கள் வீட்டு ஸ்ரூடியோ இப்படி: விறாந்தையில் சைக்கிள் தலைகீழாக நிற்கும். பின் சில்லில் டைனமோ. அதிலிருந்து யன்னல் வழியாக அறைக்குள் ஒரு நீள வயர். வயரின் மறுமுனையில் ரேப் றெக்கோடர். கீபோட்டுக்கு மட்டும் ஒரு பழைய கார் பற்றரி — அதில் மிச்சமிருக்கும் உயிர் அவ்வளவுக்குத்தான் காணும். பெடலைக் கையால் சுற்றுவது யார் என்கிறீர்கள்? கோடு போட்ட கொப்பித்தாளில் அச்சாகும் இந்தப் பத்திரிகையில் கிழமைக்குக் கிழமை உங்களோடு கதைக்கிற இந்த அக்காதான்.

அவன் எதையெல்லாம் பிடித்துக்கொண்டு வந்தான் தெரியுமா? வெங்காயத் தோட்டத்து வோட்டர் பம்பின் டக் டக். அதுதான் அவனுடைய தாளம். தவில்காரர் வாசிக்கத் தொடங்குமுன் தோலைத் தட்டிப் பார்ப்பாரே, அந்த இரண்டு தட்டு. றேடியோவில் இரண்டு ஸ்டேசன்களுக்கு நடுவே கிடக்கும் இரைச்சல்... செய்தி தேடி நாங்கள் அவசரமாகத் தாண்டிப் போகும் அந்த இடத்தில் இவன் குந்திவிடுவான். நாடாவை பிளேட்டால் வெட்டி, வளையமாக ஒட்டி, ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பச் சுழல விடுவான். ஊர்விட்டு ஊர் ஓடிக்கொண்டிருக்கிற இந்த மண்ணில் ஒரு சத்தமாவது புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வரட்டும் என்றா? கேட்டால் சிரிப்பான்.

டைனமோவில் ஒரு வில்லங்கம் உண்டு. கை தளர்ந்தால் ரேப்பும் தளர்ந்து ஓடும்.

"அக்கா, சமனாச் சுத்து. நீ யோசிச்சால் பாட்டு நெளியுது."

"யோசிக்காமல் இருக்க நானென்ன வோட்டர் பம்பே?"

"பம்ப் எண்டால் இவ்வளவு கதைக்காது."

இப்படி மாதக்கணக்காகச் சுற்றிச் செய்த கசற் ஒன்று, எங்கள் விறாந்தையைத் தாண்டாமல், ரூபனின் சட்டைப் பையிலேயே கிடந்தது. மச்சானுக்கு அனுப்பவேண்டும், அந்த மண்டபத்தில் ஒருநாள் அது ஒலிக்கவேண்டும். அவனுடைய ஆசையெல்லாம் அதுதான்.

கல்யாணத்துக்கு வருகிறேன். பெண்ணின் தகப்பன் நடராசா அண்ணை, எங்கள் அயலவர். ஸ்பீக்கர் கட்டியது ரூபன். கிணற்றடியில் ஜெனரேற்றர் மண்ணெண்ணெய் குடித்து இருமிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வந்தாயிற்று. முகூர்த்தத்துக்கு நேரம் இருக்கிறது என்று மேளகாரர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள்.

"தம்பி, அவையள் வருமட்டும் ஒரு கசற்றைப் போட்டுவிடு. பந்தல் செத்தவீடு மாதிரிக் கிடக்கு," என்றார் நடராசா அண்ணை.

ரூபனின் கை சட்டைப் பைக்குப் போயிற்று. நான் அந்தக் கையைப் பிடித்தேன்.

"உதையோ? இஞ்சையோ? சனம் சிரிக்குமடா!"

"கேட்டுத்தானே அக்கா சிரிக்க வேணும். கேக்கட்டுமே."

போட்டான். டக் டக் டக் என்று பம்ப் புறப்பட்டது. பந்தியில் இருந்த தோட்டக்காரர் ஒருவர் தலையை நிமிர்த்தினார்.

"எட, உது என்ரை பம்ப் எல்லோ!"

"உம்மடை பம்ப் இவ்வளவு நேரம் நிக்காமல் ஓடினதே?" என்றார் பக்கத்து இலைக்காரர்.

பந்தியே சிரித்தது. சிரித்தார்கள், ஆனால் கேட்டார்கள். மடித்த கால்கள் தாளத்துக்கு ஆடத் தொடங்கின. ரூபனின் முகத்தைப் பார்த்தேன். மழையில் நனைய விட்ட குழந்தையின் முகம்.

பிறகு அந்த இடம் வந்தது. ஒரு நீளமான சுரம். கீழே, மிகக் கீழே. எங்கள் விறாந்தையில் அது வண்டின் ரீங்காரம், அவ்வளவுதான். கமுகமரத்தில் கட்டிய பெரிய ஸ்பீக்கரிலோ... அது மெல்ல ஏறியது. ஏறி, கூரைகளைத் தாண்டி, எங்கள் உச்சிக்கு மேலே வந்து...

"பொம்மர்!"

யார் கத்தியது என்று தெரியாது. இலைகளை விட்டு எழுந்தார்கள். பெண்ணைச் சேலையோடு அள்ளிக்கொண்டு ஓடினார்கள். மாப்பிள்ளையின் தலைப்பாகை பங்கர் வாசலில் இடித்து விழுந்தது. நானும் ஓடினேன். அந்தப் பாட்டைச் சுற்றிச் சுற்றிச் செய்த நானே!

மேலே பம்ப் நின்றபாடில்லை.

"உந்தப் பாட்டை நிப்பாட்டுங்கோடா! பொம்மர் எந்தப் பக்கமெண்டு கேக்கட்டும்!" என்று பங்கருக்குள்ளிருந்து அலறினார் நடராசா அண்ணை.

பாட்டு நின்றது. வானத்தில் ஒன்றுமில்லை. ஒரு காகம் கரைந்தது. வாசலில் ரூபனின் தலை தெரிந்தது.

"வெளியிலை வாங்கோ. அது... என்ரை பாட்டு."

முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். நல்ல பிள்ளை. முகூர்த்தம் தவறாமல் தாலி ஏறியது.

நடராசா அண்ணை சிரிக்கவில்லை. எல்லாம் முடிந்து ரூபன் வயர் சுற்றும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"இண்டைக்கு ஓடினம் தம்பி, நல்லது. நாளைக்கு உண்மையா வரேக்கை, 'உது ரூபன்ரை பாட்டு' எண்டு ஒரு சனம் எழும்பாமல் இருந்தால்?"

ரூபன் வயரைச் சுற்றிக்கொண்டேயிருந்தான். நீங்களானால் என்ன சொல்வீர்கள்?

வீட்டுக்கு வந்ததும் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"எடேய், பொம்மரையோ றெக்கோட் பண்ணினனீ?"

"இல்லை அக்கா. கீபோட்டின்ரை கடைசிக் கட்டை. நான் அமத்திப் பிடிச்சபடிதான் இருந்தனான். சுத்தினது நீ."

நினைவு வந்தது. அன்றைக்குச் சுற்றும்போது தூரத்தில் ஏதோ இரைந்த மாதிரி இருந்தது. காதைக் கொடுத்தேன், கை தளர்ந்தது. ஒன்றுமில்லை என்றதும் பழையபடி சுற்றினேன். நாடா தளர்ந்து ஓடும்போது பதிந்த சத்தம், சீராக ஓடும்போது ஏறிக் கேட்கும். நான் பயந்த இடத்தில் சுரம் ஏறியிருக்கிறது. தேறிய இடத்தில் இறங்கியிருக்கிறது. வந்து, கடந்து, போகும் பொம்மரைப் போலவே. கல்யாண வீட்டைக் கலைத்தது என் மணிக்கட்டு.

"முழுக் கசற்றிலையும் அதுதான் நல்ல இடம்," என்றான் ரூபன். "ஜெர்மனியிலை போட்டால் ஆரும் ஓடமாட்டினம்."

"அங்கை எங்கடை சனம் இல்லையோ?"

ரூபன் அந்த இடத்தை அழிக்கவென்று எழுந்துபோய்ச் சைக்கிளைக் கவிழ்த்தான்.

அந்த ரேப்பில் அழிப்பதென்றால், அதன் மேல் அமைதியைப் பதியவேண்டும். அமைதிக்கும் டைனமோ சுற்றத்தான் வேண்டும். நான் சுற்றினேன். ரூபன் யன்னலுக்குள்ளால் எட்டிப் பதிவுக் கட்டையை அமத்திவிட்டு, வாயில் விரலை வைத்தான். நாடா நகர்ந்தது.

அப்போது கேட்டது. கீழே, மிகக் கீழே. மெல்ல ஏறியது.

நான் ரேப்பைப் பார்த்தேன். ரூபனும் ரேப்பைப் பார்த்தான். பதிவில் ஓடும் ரேப் சத்தம் போடாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியாததா? ஆனாலும் பார்த்தபடி நின்றோம்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்! ஓடுங்கோ, பிள்ளையள், ஓடுங்கோ!"

குசினிக்குள்ளிருந்து ஓடிவந்த அம்மா எங்கள் முதுகில் அறைந்து தள்ளினார். ஓடினோம். அது வேறெங்கோ போயிற்று. வேறெங்கோ என்பதும் ஒரு ஊர்தான்.

திரும்பி வந்து ரூபன் கசற்றைப் போட்டுப் பார்த்தான். அமைதி. பிறகு ஒரு இரைச்சல். இந்த முறை உண்மையானது. அதன் மேல் அம்மாவின் குரல். சில்லு தளரத் தளர அது ஏறி, ஏறி, கீச்சுக்குரலாகி, அறுந்தது. அதற்குப் பின்னால் மறுபடியும் பம்பின் டக் டக்.

ரூபன் அதை அழிக்கவில்லை. ஊரில் எங்கேயும் போடுவதில்லை என்று நடராசா அண்ணையிடம் வாக்குக் கொடுத்துவிட்டு, கொழும்புக்குப் போகிற யாரையாவது தேடிக்கொண்டிருக்கிறான். மச்சானின் மண்டபத்தில் அதைக் கேட்டுச் சனம் ஆடுமோ, ஓடுமோ, நானறியேன்.

பாடுறவர் எப்ப வருவார் என்று அம்மா கேட்டாரே, அம்மாவே வந்துவிட்டார். ஆனால் அந்த இரைச்சலுக்கும் அம்மாவின் குரலுக்கும் இடையில், நாங்கள் இருவரும் அசையாமல் நின்ற ஒரு இடைவெளி பதிந்திருக்கிறது. ஒரு மூச்சளவுதான்...

கசற் போன பிறகும் எனக்கு அது மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.