மஞ்சள் பூட்டும் மூன்றாவது நிபந்தனையும்

கட்டிலுக்கு அடியில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று ஐந்து மாதமாகக் கிடந்தது. மூடியில் இரண்டு கொக்கிகள். இடது கொக்கியில் சின்ன மஞ்சள் பூட்டு. அது மனைவியுடையது. வலது கொக்கி காலி. அது அவருடையது.

அவர் பிஸ்கட் தொழிற்சாலையில் மின்பராமரிப்பு வேலை பார்த்தார். இருபத்தாறு வருடம். அங்கே பூட்டண்ணன் என்றால்தான் அவரைத் தெரியும். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

அந்தப் பெயர் வந்த கதை இது. மாவு பிசையும் இயந்திரத்துக்குள் யார் கை விட்டாலும், முதலில் மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். நான்கு பேர் வேலை செய்தால் நான்கு பூட்டு. நான்கும் கழன்றால்தான் இயந்திரம் ஓடும். ஒருவர் பூட்டை இன்னொருவர் தொடக்கூடாது. ஒருநாள் ஒருவர் தன் பூட்டை மறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மாவு புளித்துக்கொண்டிருந்தது. மேலாளர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "வெட்டுய்யா, நான் சொல்றேன்" என்றார். இவர் வெட்டவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு பதினோரு கிலோமீட்டர் போய், குளித்துக்கொண்டிருந்த ஆளைக் கதவுக்கு வெளியே நின்று விசாரித்து, சாவி வாங்கி வந்தார். மூன்று மணி நேரம் எல்லாம் நின்றது. மேலாளர் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த விதி வீட்டுக்குள் வந்ததற்கு இவர்தான் காரணம். மகள் சின்னவளாக இருந்தபோது மலை ஊருக்குப் போனார்கள். பாரம் அதிகம் என்று மனைவியின் கம்பளிச் சட்டையைச் சொல்லாமல் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார். மலையில் மூன்று நாள் அவள் பல் தந்தி அடித்தது. திரும்பியதும் கடைக்குப் போய் மஞ்சள் பூட்டு ஒன்று வாங்கி வந்தாள்.

"ஃபேக்டரிக்கு மட்டும்தானா உங்க சட்டம்? இனிமே என் பக்கம் என் பூட்டு, உங்க பக்கம் உங்க பூட்டு. ரெண்டு பேரும் இருந்தாத்தான் பெட்டி திறக்கும்."

"பாதுகாப்பு விதியை இப்படிக் கேலி பண்ணக்கூடாது."

"கேலியா? குளிர்ல நடுங்கினது நான்."

அதன்பிறகு எந்தப் பயணத்திலும் அப்படித்தான். அவள் துணிக்கடையில் சட்டை மடித்துப் பெட்டியில் வைக்கும் வேலை செய்தவள். அவள் பக்கம் அளவுகோல் வைத்தது போல இருக்கும். அவர் பக்கத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பாலைவனமும் கடலும் முட்டிக்கொள்ளும் அந்த ஊரை அவள் ஒரு விளம்பரத் தாளில் பார்த்தாள். ஒரு பக்கம் மஞ்சள் மணல் மலை, மறுபக்கம் கடல், இரண்டுக்கும் நடுவே ஒற்றைச் சாலையும் வெள்ளை விடுதிகளும்.

"மழையே பெய்யாத இடத்துல இவ்வளவு தண்ணி எப்படிங்க?"

அவர் குளிர்ந்த நீரோட்டத்தில் ஆரம்பித்தார். காற்றின் ஈரப்பதத்துக்கு வந்தபோது அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "உங்களைக் கேட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

ஆனால் திட்டம் போட்டது அவர்தான். மூன்று பகல், இரண்டு இரவு. நோட்டில் கட்டம் போட்டார். பேருந்து 5.40. மணல் மலை ஏறுவது வெயிலுக்கு முன். கடல், வெயில் தாழ்ந்த பின். மணல் காற்றுக்குக் கண்ணாடி வேண்டும் என்றாள் அவள். நீச்சல்காரர்கள் போடுகிற மாதிரி, தலைக்குப் பின்னால் பட்டை வைத்தது. அதைப் போட்டுக்கொண்டால் தவளை மாதிரி இருப்போம் என்றார் அவர். "இப்ப மட்டும்?" என்றாள்.

கிளம்புகிற வாரம் தொழிற்சாலையில் வருடாந்திரப் பராமரிப்பு வந்தது.

"ரெண்டு வாரம் பொறு" என்றார். விடுதியிலும் தேதியை மாற்றினார்.

"நான் ரெடி. உங்க பக்கம் உங்க பாடு" என்று அவள் தன் பக்கத்தை அடுக்கி, பூட்டி, பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். பன்னிரண்டாம் நாள் வயிற்று வலி என்று மருத்துவமனைக்குப் போனாள். திரும்பி வரவில்லை. மருத்துவமனை கொடுத்த பையில் சீப்பு இருந்தது, செருப்பு இருந்தது. சாவி இல்லை. வீட்டிலும் இல்லை. சர்க்கரை டப்பா வரைக்கும் கொட்டிப் பார்த்தார்.

விடுதியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். ஒருமுறை மாற்றிய தேதி தவறிவிட்டது, இந்த மாதக் கடைசிக்குள் வரலாம், அதன்பிறகு முடியாது என்றாள்.

"ரெண்டு பேர்தானே சார்?"

"ஒருத்தர்."

"அப்ப ஒரு கட்டிலை எடுத்துடச் சொல்லட்டுமா? தாராளமா இருக்கும்."

"இருக்கட்டும்மா."

நோட்டை எடுத்து அதே கட்டங்களில் புதுத் தேதி எழுதினார். பேருந்து அதே 5.40. போவதா வேண்டாமா என்பதை அவர் யோசிக்கவில்லை. அவள் பூட்டித் தயாராக இருந்தாள். அவர் பக்கம்தான் பாக்கி. ஆனால் அவள் பூட்டு இருக்கும்வரை அந்தப் பெட்டியில் அவர் கை வைக்க முடியாது.

மகள் வெளியூரில் பாலங்களைச் சோதிக்கும் பொறியாளர். அப்பாவைப் போலவே பேச்சில் சிக்கனம்.

"வேற பெட்டி எடுத்துட்டுப் போங்கப்பா."

"அம்மா அதுலதான் அடுக்கியிருக்கா."

"அப்ப பூட்டை வெட்டிடுங்க. ரெண்டு நிமிஷ வேலை."

சொன்னதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, அப்பா அப்படிச் சும்மா வெட்டமாட்டார். சைக்கிள் கதையை அவள் நூறு தடவை கேட்டவள்.

"நான் கூட வரவா?"

"லீவு இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் என்ன கேள்வி. ஞாயித்துக்கிழமை மட்டும் வந்துட்டுப் போ. ஒரு கையெழுத்து வேணும்."

சனிக்கிழமை தொழிற்சாலைக் கிடங்கில் இரும்புவெட்டி கேட்டார். கிடங்குக்காரர் பதினைந்து வருடப் பழக்கம், வாய் சும்மா இருக்காது.

"எவ்வளவு பெரிய பூட்டுண்ணே?"

அவர் கட்டைவிரல் நகத்தைக் காட்டினார்.

"இதுக்கா? பல்லால கடிச்சா போதுமே. பல்லு ஆடுதா?"

"ஒரு படிவமும் குடு. அடுத்தவர் பூட்டை அகத்துற படிவம்."

"பூட்டண்ணன் பூட்டை வெட்டுறாரா? இந்தக் கூத்தை நான் பார்த்தே ஆகணும். யாரோடது?"

"வீட்டுல."

கிடங்குக்காரர் இரும்புவெட்டியைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்து வைத்திருந்ததுதான். பிறகு படிவத்தை எடுத்து, கசங்கியிருக்கிறது என்று அதை வைத்துவிட்டு, வேறொன்று எடுத்துக் கொடுத்தார்.

படிவத்தில் மூன்று நிபந்தனைகள். ஒன்று: பூட்டின் உரிமையாளர் இடத்தில் இல்லை என்று உறுதி செய்யப்பட்டதா? இரண்டு: அவரைத் தொடர்புகொள்ள எல்லா முயற்சியும் செய்யப்பட்டதா? மூன்று: பூட்டு அகற்றப்பட்டது அவருக்கு நேரில் தெரிவிக்கப்பட்டதா?

ஞாயிறு காலை மகள் வந்தாள். சாப்பாட்டு மேசையில் படிவம் இருந்தது. முதல் கட்டத்தில் அவர் கையெழுத்து: 'இடத்தில் இல்லை.' இரண்டாவது கட்டத்துக்கு அவர் கைபேசியை எடுத்தார். அலமாரி இழுப்பறைக்குள் ஒரு மணி அடித்தது. அம்மாவின் கைபேசி. மகள் திரும்பிப் பார்த்தாள்.

"சார்ஜ் இருக்கா அதுல?"

"வாரா வாரம் போடுறேன்."

மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டார். மகள் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். மூன்றாவது தடவையும் ஓய்ந்தபின் எழுதினார்: 'மூன்று முறை அழைத்தேன். எடுக்கவில்லை.'

சாட்சி என்ற இடத்தில் மகள் கையெழுத்துப் போட்டாள். "மூணாவது காலியா இருக்கே."

"அங்க போய் எழுதுறேன்."

பெட்டியை மேசைமேல் வைத்தார்கள். இரும்புவெட்டி அந்தப் பூட்டுக்கு அபத்தமாகப் பெரிதாக இருந்தது. சத்தம்கூட வரவில்லை. இரண்டு துண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இடது பக்கம் நான்கு புடவைகள், ஒரே அகலத்தில். மேலே குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை. வலது பக்கம் காலி, பெட்டியின் அடித்துணி மட்டும். அதன் நடுவே, விலைச்சீட்டோடு, மணல் காற்றுக்கான கண்ணாடி ஒன்று. பெரியது. அவருடையது.

அவர் காலிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். "லீவு கேட்டிருக்கலாம். குடுத்திருப்பாங்க. நான் கேக்கல."

மகள் அதற்கு ஆறுதல் சொல்லவில்லை. பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. அவர் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்தாள்.

அவர் தன் பக்கத்தை அடுக்கினார். மூன்று சட்டை, மாத்திரை, நோட்டு. மடிப்பு கோணலாக வந்தது. பிரித்து மறுபடி மடித்தார். அதுவும் கோணல்.

"அம்மா சாமானை வீட்டுல வச்சுட்டா பாரம் குறையுமேப்பா?"

"முன்னாடி ஒரு தடவை குறைச்சேன்" என்றார்.

வலது கொக்கியில் தன் பூட்டைப் போட்டார். இப்போது இடது கொக்கி காலி.

விடுதி அறையில் இரண்டு கட்டில்கள் இருந்தன. பழக்கத்தில் சுவரோரக் கட்டிலில் படுத்தார். அவள் எப்போதும் ஜன்னல் பக்கம். விடிந்ததும் நோட்டில் போட்டபடி மணல் மலைக்குப் போனார். சுற்றுமுற்றும் ஆள் இல்லை. மலை நேரே கடலுக்குள் சரிந்து இறங்கியது. அலை வந்த இடம்வரை மணல் ஈரம், ஒரு முழம் தள்ளி மாவு போல உலர்ந்து பறந்தது. கண் எரிந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

யாரிடமும் பேசாமல் இருபது மணி நேரம் ஆகியிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார். மேலாளரிடம் அறிக்கை கொடுக்கும் குரல்தான் வந்தது.

"உன் பூட்டை ஞாயித்துக்கிழமை வெட்டினேன். நான்தான் வெட்டினேன். உன் பக்கம் எதையும் எடுக்கல."

கொஞ்சம் காத்திருந்தார். விதிப்படி, கேட்டவர் சரி என்று சொல்ல வேண்டும். பிறகு படிவத்தைத் தொடையில் வைத்து மூன்றாவது கட்டத்தை எழுதினார். பேனாவில் மணல் புகுந்து இரண்டு எழுத்து விழவில்லை. அவற்றின் மேலேயே அழுத்தி எழுதினார்.

'தெரிவிக்கப்பட்டது. காலை 6.25. காற்று அதிகம்.'