விலக்கு நாளில் ஊற்றிய தண்ணீர்

எனக்குப் பிடித்த பூ கனகாம்பரம். வாசனை இல்லாத பூவுக்கு என்ன மரியாதை என்பார்கள். வாசனை இல்லாததுதான் அதன் நல்ல குணம். வருஷம் முழுக்கப் பூக்கும், யாரிடமும் போய் எதையும் சொல்லாது.

அறுபதுகளில் பம்பாய் தாராவியில், சால் என்று சொல்லும் எங்கள் வரிசைக் குடியிருப்பின் ஒற்றை அறைக்கு முன்னால் இருந்த கையகல நடையில், என் மாமியார் எண்ணெய் டின்களில் செடி வளர்த்தாள். அவள் என் அப்பாவின் கூடப்பிறந்தவள். அதனால் எனக்கு அத்தை. மழைக்காலத்தில் காசித்தும்பை, குளிர் வந்ததும் டிசம்பர் பூவும் செவ்வந்தியும், வெயில் ஏற ஏற மல்லிகை; எல்லா மாதமும் கனகாம்பரம். தேயிலைச் சக்கையும் அரிசி கழுவிய தண்ணீரும்தான் உரம். தோல் பதனிடும் நாற்றத்துக்கு நடுவில் அவள் டின்கள் மட்டும் மணக்கும். அவள் கைராசிக்காரி, அதை ஒப்புக்கொள்கிறேன். வேறு எதையும் அவளுக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தண்ணீர் ஊற்றுவது என் வேலை. வீட்டுக்குத் தூரமான நாட்களில் மட்டும் கூடாது. தீட்டோடு தொட்டால் செடி பட்டுப்போகும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை; எங்களோடு அதுவும் ரயிலேறி வந்துவிட்டது. அந்த நாட்களில் நான் நடையின் மூலையில் சாக்கில் உட்கார்ந்திருக்க, அத்தையே சொம்பை எடுப்பாள். அவள் கையில் சொம்பைப் பார்த்தால் போதும், இந்த மாதமும் எனக்கு ஒன்றும் தங்கவில்லை என்று சால் முழுக்கத் தெரிந்துவிடும். எங்கள் ஊர்க்காரியான எதிர்வீட்டுக்காரி காலையில் கதவைத் திறப்பதே அதைப் பார்க்கத்தான்.

"என்ன மதினி, இந்த மாசமும் நீங்கதான் ஊத்துதியளா?"

"நான் ஊத்துத செடியாவது பூக்கட்டும்" என்பாள் அத்தை, எனக்குக் கேட்கும்படி.

கல்யாணமாகி இரண்டு மழைக்காலம் போயிருந்தது. சித்திரைக்குள் என் வயிறு திறக்காவிட்டால் ஊரிலிருந்து மகனுக்கு இன்னொருத்தியைக் கட்டிவைப்பதாக அத்தை சொல்லிவிட்டாள். குர்லாவில் பட்டறை வேலை பார்த்த அவர், அம்மா சொன்னால் சரி என்று சோற்றைப் பிசைந்தார்.

தை மாதம் தூரமானபோது நான் யாரிடமும் சொல்லவில்லை. அவரிடம் சொன்னால் அத்தையிடம் சொன்ன மாதிரி. எழுந்தேன், சொம்பை எடுத்தேன், ஊற்றினேன். எதிர்வீட்டு முகத்தை ஒரு மாதமாவது ஏமாற்ற வேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன். துணியை அலசி, டின்களுக்குப் பின்னால் சுவரை ஒட்டிக் காயப்போட்டேன். மாசியிலும் அப்படியே.

ஏமாந்தது வேறு ஆள். இரண்டு மாதம் சொம்பு என் கையை விட்டு இறங்காததைப் பார்த்து, நான் முழுகாமல் இருப்பதாக அத்தை முடிவு கட்டிவிட்டாள். என்னைக் கேட்கவில்லை, எனக்கு வெட்கம் என்று அவளே நினைத்துக்கொண்டாள். முதல் மல்லிகையைத் தொடுத்து என் தலையில் வைத்து, "ஏட்டி, கனமானதத் தூக்காத" என்றாள். குழம்பில் நல்ல மீன் துண்டு என் தட்டுக்கு வந்தது. அந்த அன்பு எனக்கானது இல்லை என்று தெரியும். தெரிந்தும் இனித்தது.

பங்குனியில் ஒரு டின்னை வெயிலுக்கு நகர்த்தும்போது துணி அவள் கையில் அகப்பட்டது.

என் தலையில் இருந்த பூவை முடியோடு பிடுங்கினாள். "செத்த மூதி! தீட்டோட தொட்ட பூவையா நான் முருகனுக்குப் போட்டேன்?" என்று அலறிக்கொண்டே செடிகளை வேரோடு பிடுங்கிச் சாக்கடையில் வீசினாள். சால் முழுக்க வெளியே வந்து நின்று பார்த்தது. கனகாம்பரமும் போனது. மொட்டு நிறைந்திருந்த மல்லிகையில் அவள் கை வைத்தபோது நான் வாயைத் திறந்தேன்.

"ரெண்டு மாசமும் நான்தான் ஊத்துனேன் அத்தை. ஒரு செடியாவது பட்டுப்போச்சா?"

அவள் கை நின்றது. மல்லிகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"செடிக்கு என்ன கேடு? ஒன் வயித்துலதான் ஒண்ணும் மொளைக்கல" என்றாள். பிறகு அதையும் பிடுங்கினாள்.

அந்த வாரமே என்னை ஊருக்கு ரயிலேற்றிவிட்டார்கள். ஆவணியில் அவருக்கு இரண்டாம் கல்யாணம். தாராவிக்கு வந்த புதுப் பெண்ணின் தலைக்கு வைக்க டின்களில் ஒரு பூவும் இல்லையாம். மாட்டுங்காவில் போய்க் காசு கொடுத்து வாங்கினார்களாம்; வாடின சரம், சாயங்காலத்துக்குள் உதிர்ந்துவிட்டதாம். கோயில் கொடைக்கு ஊருக்கு வந்த எதிர்வீட்டுக்காரி, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அன்று நான் வயிறாரச் சாப்பிட்டேன்.